ஓர் அங்குலம் குறைந்த நெப்டியூன்

பர்ஸ்லம்,
20 செப்டம்பர் 1784, திங்கள்

ஜேபஸ்,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், கால்வாய்ப் படகுக்கார ஏசா எல்லாம் சொன்னான். லிவர்பூலில் பென்கெத் என்பவர் மண்பொம்மைப் பட்டறையில் உனக்குத் தனி மேசையாம், தனி ஜன்னலாம், கோட்டில் பித்தளைப் பொத்தானாம். "உங்க தம்பி பெரிய ஆளாயிட்டான்க்கா. நெப்டியூன் பொம்மையச் செஞ்சவன்னு அங்க எல்லாரும் கையக் காட்டுறாங்க" என்றான். அவனுக்காக ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கல்லில் கிடந்த ரொட்டி கருகியே போயிற்று.

நெப்டியூனைச் செய்தது யார் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நம் வீட்டு அடுப்படிக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. பெண்பிள்ளை பிடித்த உருவை க்ளூலோ முதலாளி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்று நீ சொன்னாய். அப்படியானால் உன் வேலை என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடு என்று நான்தான் சொன்னேன். இரண்டு வருஷம் நீ மாடியில் உருப் பிடிப்பவனாக உட்கார்ந்திருந்தாய். நான் கீழே பெண்களோடு நின்று, நானே செய்த நெப்டியூனை அச்சில் வைத்து அழுத்தி அழுத்திக் கூடை கூடையாக எடுத்தேன். வீட்டுக்குள் இருந்தவரை எனக்கு அது உறுத்தவில்லை. காசு ஒரே பானைக்குத்தானே வந்தது.

இப்போது உறுத்துகிறது. நீ ஊர்த் திருவிழாவுக்கு மறுநாள் சொல்லாமல் கிளம்பியதிலிருந்து மாடி மேசை காலி. நெப்டியூனுக்கு ஜோடியாக வீனஸ், அப்பல்லோ என்று இன்னும் ஐந்து தெய்வங்கள் வேண்டும் என்று லண்டன் வியாபாரி கேட்டு எழுதியிருக்கிறார். நவம்பர் பதினொன்று, மார்ட்டின் திருநாள், வருஷ ஆள் எடுக்கும் நாள். அன்று அந்த மேசைக்கு டெர்பியிலிருந்து ஒருவனை வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அவனுக்கு மூன்று வருஷ ஒப்பந்தமாம். அவன் உட்கார்ந்துவிட்டால் நான் சாகும்வரை அச்சில் மண் அழுத்த வேண்டியதுதான்.

நேரே போய்ச் சொன்னேன். சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, மனசாரச் சிரித்தார். வீட்டில் முடித்து வைத்திருந்த வீனஸைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு. உன் தம்பி விட்டுட்டுப் போனதா?" என்றார். உங்கள் கண் முன்னாலேயே ஒன்று செய்கிறேன் என்றேன். நெப்டியூனை இரண்டு வருஷம் அழுத்தினவளுக்கு அதைப் பார்த்து இன்னொன்று பிடிப்பது பெரிசில்லை, வெறும் மண்ணிலிருந்து முதலில் பிடித்தவன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைசியில், "ஜேபஸ் சொல்லட்டும், நான் நம்புறேன்" என்றார்.

ஆகவே எனக்கு நாலு வரி வேண்டும். நெப்டியூன் என் அக்கா தெர்சா கைவேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு க்ளூலோவுக்கு அனுப்பு. உன் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஏசா வாரம் தவறாமல் வந்து போகிறான்.

உன் அக்கா,
தெர்சா மால்கின்

*

லிவர்பூல்,
29 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று நான் கேட்கிறேன். எனக்கு மரியாதை தெரியும்.

பித்தளைப் பொத்தான் இரண்டுதான், மற்றதெல்லாம் எலும்பு. ஏசாவுக்கு எதையும் பெரிசாக்கிச் சொன்னால்தான் தூக்கம் வரும்.

நீ கேட்பது நாலு வரி. நாலு வரிதான் என்று உனக்குத் தோன்றும். க்ளூலோவுக்கு நான் எழுதினால் அன்றைக்கே அவர் பீர்க்கடையில் சொல்வார், பீர்க்கடையில் ஏசா இருப்பான், அடுத்த வாரம் பென்கெத் முதலாளி காதில் விழும். அவர் என்னை எடுத்ததே நெப்டியூனைச் செய்தவன் என்றுதான். உனக்கு வீடு இருக்கிறது, சபை இருக்கிறது, ஊரில் எல்லாரும் இருக்கிறார்கள். எனக்கு இங்கே இந்த மேசை மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம், நெப்டியூன் உன்னுடையதே என்று ஒரேயடியாகச் சொல்கிறாயே. திங்கட்கிழமையானால் பர்ஸ்லத்தில் ஒரு ஆண்பிள்ளை வேலைக்குப் போகமாட்டான், எல்லாரும் பீர்க்கடையில் கிடப்பார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அத்தனை திங்கட்கிழமையும் குடிக்கப் போகாமல் உன்கூட அடுப்படியில் நின்றவன் யார்? அதற்கு ஒரு கணக்கும் இல்லையா?

திருவிழா அன்று காலையில் நடந்ததை நீ எழுதவேயில்லை. நான் எழுதுகிறேன். பட்டறை முற்றத்தில் நாற்பது பேர். லண்டன் வியாபாரி என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். நீ வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நாய் பொம்மைக்கு வால் ஒண்ணு ஒட்டத் தெரியாது, இதுக்கு இவ்ளோ சிலுப்பலா?" என்றாய். நாற்பது பேரும் சிரித்தார்கள். வியாபாரி அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது கோட்டுக்குள் ஒரு நெப்டியூனை வைத்துக்கொண்டுதான் போனேன். அது என் பங்கு.

கடிதம் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி,
ஜேபஸ்

பி.கு. ஒரு சின்ன விஷயம். இங்கே நான் எடுக்கும் நெப்டியூன் எல்லாம் ஓர் அங்குலம் குறைவாக வருகிறது. நம்முடையது பதினொரு அங்குலம், இது பத்து. லிவர்பூல் மண் சரியில்லையோ? பென்கெத் இன்னும் அளந்து பார்க்கவில்லை. அடுத்து அவரும் வீனஸ் கேட்கிறார். ஏதாவது யோசனை இருந்தால் எழுது.

*

பர்ஸ்லம்,
6 அக்டோபர்

ஜேபஸ்,

உன் பின்குறிப்பைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ஏசா பயந்து தொப்பியைக் கழற்றிவிட்டான்.

மண்ணைக் குறை சொல்லாதே. நீ எங்கிருந்து அச்சு எடுத்தாய்? சூளையில் வெந்து மெருகு ஏறிய பொம்மையிலிருந்து. அது ஏற்கெனவே ஒருமுறை காய்ந்து, வெந்து, சுருங்கிய உருப்படி. அதன் மேல் அச்சு எடுத்து, அதில் பச்சை மண்ணை அழுத்தி, மறுபடி சூளையில் வைத்தால் மறுபடி சுருங்கும். களிமண் பிசைகிற வீட்டில் பிறந்தவனுக்கு இதைக் கடிதத்தில் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முதலில் பிடித்த உரு பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. பிடித்தவளுக்குத்தான் அது ஞாபகம் இருக்கும்.

இங்கிருந்து ஒரு நெப்டியூனை வைக்கோலில் சுற்றி ஏசா படகில் பென்கெத்துக்கு அனுப்பினால் போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எது தாய், எது பிள்ளை என்று எந்தக் குயவனும் சொல்லிவிடுவான். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

அனுப்பமாட்டேன். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்து உருகாதே. அப்படி அனுப்பினால் நீ திருடன் என்று தெருவில் நிற்பாய், அப்புறம் திருடன் எழுதிய நாலு வரியை க்ளூலோ எதற்கு நம்ப வேண்டும்? எனக்கு வேண்டியது நல்ல பெயரோடு இருக்கிற ஜேபஸ் மால்கின் எழுதிய கடிதம். அதனால் உன் நல்ல பெயரை நானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். என் நிலைமையைப் பார்.

முற்றத்தில் நான் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். நான் சொன்னது பொய்யில்லை.

மார்ட்டின் திருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம்.

தெர்சா

*

லிவர்பூல்,
17 அக்டோபர்

அக்கா,

வீனஸ் செய்து பார்த்தேன். நாலு தடவை. முதல் தடவை கழுத்து விழுந்தது. இரண்டாவதில் கை இரண்டும் ஒரே பக்கம் மாதிரி வந்தது. நாலாவது வீனஸ் நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா ஃபேரிங்டன் பல்வலியோடு நிற்கிற மாதிரியே இருந்தாள். அந்த அம்மாவே பார்த்துவிட்டு, "இது யாருப்பா, பாவம், உங்கம்மாவா?" என்று கேட்டார்.

பென்கெத் தினமும் வந்து மேசைக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போகிறார். ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் போவதுதான் பயமாக இருக்கிறது.

நேரே கேட்டுவிடுகிறேன். உன்னிடம் முடித்த வீனஸ் இருக்கிறது. அதைப் படகில் அனுப்பு. வேகாத உருவாகவே அனுப்பு, சுருங்கின பொம்மை வேண்டாம், நானும் கற்றுக்கொண்டேன். இந்த ஒரு வருஷம் எனக்குத் தாண்டட்டும். அடுத்த மார்ட்டின் திருநாளுக்குள் நீ கேட்டதை எழுதித் தருகிறேன், பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

சொன்னது பொய்யில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, நாய் வால் ஒட்டத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ பிடித்து எடுத்த நெப்டியூன் வெள்ளை. அந்த வெள்ளைப் பொம்மையை யார் வாங்கினார்கள்? மெருகில் பச்சை கலந்தால் சூளையில் தண்ணீராக ஓடும், கீழே நிற்கிற எல்லாவற்றையும் நனைக்கும். கடல் பச்சையை அவன் கிரீடத்தோடும் இடுப்புத் துணியோடும் நிறுத்தி, தாடியை வெள்ளையாகவே விட்டு, டால்பின் முதுகில் மட்டும் பழுப்பை வழியவிட நான் ஏழு சூளை பாழாக்கிக் கற்றேன். வண்ணம் பார்த்துத்தானே லண்டன்காரர் கையைப் பிடித்தார்? முற்றத்தில் நீ அதைச் சொன்னாயா? வீட்டிலாவது ஒருநாள் சொன்னாயா?

வீனஸை அனுப்பு.

ஜேபஸ்

*

பர்ஸ்லம்,
26 அக்டோபர்

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன். மூன்றிலும் நானே ஜெயித்திருந்தேன்.

வீனஸ் வராது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ வீணாக ஆசைப்பட வேண்டாம். நெப்டியூனை உன் பெயரில் கொடுத்தது ஒருமுறை செய்த முட்டாள்தனம். இரண்டாவது தடவை செய்தால் அது முட்டாள்தனமில்லை, வழக்கம்.

இனி நீ கேட்டதற்குப் பதில். நீ போனபிறகு மூன்று சூளை எரித்திருக்கிறோம். மூன்றிலும் பச்சை ஓடிவிட்டது. நெப்டியூன் தாடி பாசி பிடித்தமாதிரி இருக்கிறது, டால்பின் எது அலை எது என்று தெரியவில்லை. க்ளூலோ கூடை கூடையாக உடைத்துக் குழியில் கொட்டுகிறார். மண்ணைத் திட்டுகிறார், விறகைத் திட்டுகிறார், மழையைத் திட்டுகிறார். காரணம் என்ன என்று எனக்கு முதல் சூளையிலேயே தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன்னை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

உன் கடிதத்தைப் படித்தபிறகு அலமாரியில் நிற்கிற பழைய நெப்டியூனை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் எப்போதும் அவன் முகத்தையும் கையையும்தான் பார்ப்பேன், என் வேலை அது. இந்தத் தடவை பச்சை நின்ற இடத்தை மட்டும் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக நின்றிருக்கிறது. எனக்கு அது வராது, ஜேபஸ். பர்ஸ்லத்தில் யாருக்கும் வராது. இதை நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னது உண்மை. முற்றத்தில் வைத்துச் சொன்னது தப்பு. இரண்டுமே இருக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்றை என்னால் வாபஸ் வாங்க முடியாது.

இனிமேல் அந்த நாலு வரியை உன்னிடம் கேட்கமாட்டேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் பதினொன்றாம் தேதி காலையில் நான் வீனஸைத் தூக்கிக்கொண்டு ஆள் எடுக்கிற வரிசையில் நிற்பேன். பெண்கள் வரிசையில் இல்லை. மாடி வேலைக்கு நிற்கிற வரிசையில்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே ஈரக்காற்று என்கிறார்கள்.

தெர்சா அக்கா

*

லிவர்பூல்,
4 நவம்பர்

அக்கா,

பென்கெத்திடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில், கோட்டில் கொண்டுவந்த பெரிய நெப்டியூனையும் நான் எடுத்த சின்னதையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் அளவுகோலைக்கூட எடுக்கவில்லை. பார்த்தார், என்னைப் பார்த்தார், "எப்ப சொல்லப் போறேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார். அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. பத்து அங்குலம் என்றதுமே புரிந்துவிட்டதாம். அப்படியானால் ஏன் என்னை வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சின்னப் பொம்மையைக் கையில் எடுத்து, பச்சை நின்ற இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். "இத யார் பண்ணது?" என்றார். நான் என்றேன். "இதுல பொய் இல்லையே?" என்றார். இல்லை என்றேன்.

உருப் பிடிக்கிற மேசையிலிருந்து என்னை எழுப்பிவிட்டார். பட்டறையில் எல்லாரும் பார்க்கத்தான் எழுந்து வந்தேன், சுகமாக இல்லை. இப்போது மெருகு அறையில் இருக்கிறேன். ஜன்னல் கிடையாது. ஆனால் யாராவது பின்னால் வந்து நின்றால் இப்போது நான் திரும்பாமல் என் வேலையைப் பார்க்கிறேன்.

க்ளூலோவுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன், நீயே கொடுத்துவிடு. மடிப்பை ஒட்டவில்லை, படித்துப் பார். வெறும் கையெழுத்தை நம்புவாரோ மாட்டாரோ, அக்காவுக்காகத் தம்பி விட்டுக்கொடுக்கிறான் என்றுகூட நினைக்கலாம். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஐயா, நெப்டியூனைத் திருப்பி முதுகைப் பாருங்கள். இடது தோள் இறங்கியிருக்கும், தோள்பட்டைக்குக் கீழே ஒரு குழி இருக்கும். பதினாலு வயதில் உங்கள் சூளை ஏணியிலிருந்து மண்பெட்டியோடு நான் விழுந்து உடைந்த தோள் அது. கால்வாயில் என்னோடு குளித்த எவரையும் கேளுங்கள். ஒரு குளிர்காலம் முழுக்கத் திங்கட்கிழமைதோறும் சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்புக்கோலைத் திரிசூலமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்தாள். தன் முதுகைத் தானே பார்த்து ஒருவன் செய்ய முடியாது.'

உனக்கு மட்டும் ஒன்று. என் முதுகு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது அக்கா. கோணல் என்று எல்லாரும் கேலி செய்வார்கள், அதனால் பார்க்கவும் ஆசைப்பட்டதில்லை. முதல் நெப்டியூன் சூளையிலிருந்து வந்தபோதுதான் பார்த்தேன். அதை நீ கடல் தேவன் முதுகாக்கி வைத்திருந்தாய். கோட்டுக்குள் அவனை எடுத்துப்போனதற்கு நான் சொன்ன காரணம் எல்லாம் சும்மா. எனக்கு அதை விட்டுவிட்டுப் போக மனசில்லை.

இந்தத் தாளின் அடியில் பச்சை ஓடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு சிக்கிமுக்கிக்கல் மாவு, எத்தனை பூச்சு, பொம்மையைச் சூளையில் எங்கே நிறுத்துவது, எல்லாம். உங்கள் சூளைகள் பாழாக வேண்டாம்.

ஜேபஸ்

*

பர்ஸ்லம்,
12 நவம்பர், வெள்ளி

என் ஜேபஸ்,

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

வரிசையில் எனக்கு முன்னால் டெர்பிக்காரன். பெயர் வில்மட், நல்ல பையன், வீனஸைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். எனக்குப் பின்னால் இருந்த ஆண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் ஆளுக்கொன்று திருப்பிச் சொன்னேன். என் முறை வந்ததும் உன் கடிதத்தைக் க்ளூலோ கையில் கொடுத்தேன்.

மனசுக்குள் படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு நெப்டியூனை எடுத்துவந்து, முதுகு வெளியே தெரிகிற மாதிரி மேசையில் வைத்தார். சூளைக்கார ஓபெட் கிழவர் கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஜேபஸ் முதுகுல்ல? விழுந்தன்னிக்கு நாந்தானே தூக்கிட்டு வந்தேன்" என்றார். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் இரண்டு வருஷமாக அந்தப் பொம்மையைத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். ஒருத்தரும் திருப்பிப் பார்த்ததில்லை.

க்ளூலோ என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷம் என்னக் கோமாளியாக்கிட்டியே, தெர்சா" என்றார். நான் சொன்னேன், "நான் வந்து சொன்னப்ப நீங்கதான் சிரிச்சீங்க." அவர் பேனாவை எடுத்து, என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மூன்று வருஷ ஒப்பந்தம், மாடி மேசை. வில்மட்டை எனக்குக் கீழே உதவிக்கு எடுத்திருக்கிறார், அவனும் சம்மதித்துவிட்டான்.

அப்புறம் இன்னொன்றும் செய்தேன். எல்லாரும் கலைவதற்குள், நெப்டியூன் மேலிருக்கிற வண்ணம் என் தம்பியுடையது, அவன் இல்லாததால்தான் மூன்று சூளை பாழானது, அவனைப் போல மெருகு போட இந்த ஊரில் ஆளில்லை என்று சத்தமாகச் சொன்னேன். நாற்பது பேர் இருந்தார்கள். எண்ணிக்கொண்டுதான் சொன்னேன்.

தாளின் அடியில் நீ எழுதியிருந்ததைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டேன். படிக்கவில்லை. அது உன் வேலை, அதை இன்னொருத்தர் கையில் கொடுக்கிற உரிமை எனக்குக் கிடையாது. க்ளூலோவுக்கு அது வேண்டுமானால் உன்னை வந்து கேட்கட்டும். கேட்பார் என்று நினைக்கிறேன், லிவர்பூலுக்குப் படகு எப்போது என்று ஏசாவிடம் விசாரித்தாராம். அவர் வந்தால் கெஞ்ச வை, உடனே சரி என்று தலையாட்டிவிடாதே.

கையெழுத்தைப் பளிச்சென்று போட்டேன். சூளைக்குப் பின்பக்கம் போனபிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே சொன்னால் நீ சொல்வது பொய் என்று சாதித்துவிடுவேன்.

இன்று காலை மாடிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. மேசைதான் உன் உயரத்துக்குச் செய்தது, எனக்கு மார்பு வரை வருகிறது. தச்சனைக் கூப்பிட்டு நாலு காலையும் அறுக்கச் சொல்லிவிட்டேன்.

தெர்சா